சண்டைப் படம் பார்ப்பது எப்படி?

சென்ற மாதம் நம் சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார்: "ஏன் சார், நீங்க இன்னும் அந்தச் சீனாக்காரன் சண்டைப் படமெல்லாம் பார்க்கறீங்களாமே? பேரன் எடுத்த வயசில இதென்ன ஆசை?" சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தபோது, அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றியது. இந்தக் கட்டுரை அந்தப் பதில்தான்.

நான் இந்தத் துறையில் பண்டிதன் அல்லன். கராத்தே, குங்ஃபூ எதையும் கற்றவனும் அல்லன். டிப்ளமோ முடித்து 1979-இல் ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளப் பராமரிப்பிலேயே 39 ஆண்டுகளைக் கழித்து, 2018-இல் ஓய்வு பெற்றவன். பொழுதுபோக்காகப் பார்க்கத் தொடங்கிய இந்தப் படங்களை நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பார்த்து வருகிறேன். அவற்றைத் தவறாகப் பார்த்தால் என்ன ஆகும் என்பதும் எனக்குச் சொந்த அனுபவம். நம் வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியிலேயே இவற்றைப் பார்க்கிற காலம் இது. ஆகவே நான் தாமதமாகக் கற்றுக்கொண்ட நான்கு பாடங்களை வாசகர்கள் முன் வைக்கிறேன்.

மொழி தெரியாத ஊரில்

நான் முதலில் பார்த்தது 'என்டர் தி டிராகன்'. அப்போது திருச்சியில் பாலிடெக்னிக் மாணவன். 1973-இல் வந்த அந்தப் படம் எங்கள் கண்ணுக்கு எட்டியபோது அதன் நாயகன் புரூஸ் லீ உயிரோடு இல்லை. படம் வெளியாவதற்குச் சில வாரங்களுக்கு முன், அதே ஆண்டு ஜூலை 20-ஆம் தேதி, 32 வயதில் ஹாங்காங்கில் காலமாகிவிட்டார். விடுதிக்குத் திரும்பியதும் இரண்டு கட்டைகளைக் கயிற்றால் கட்டிச் சுழற்றி, மண்டையில் வீக்கம் வாங்கிக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

பிறகு வேலை கிடைத்துக் கல்கத்தா வந்தேன். வங்காளி தெரியாது, இந்தியும் தெரியாது. ஹௌராவில் இறங்கிய முதல் நாள், ஒரு ஹோட்டலில் பக்கத்தில் இருந்தவர் தட்டைக் கையால் காட்டி "அது" என்றேன். சைவனான எனக்கு மீன் குழம்பு வந்தது. காசு கொடுத்துவிட்டு வெறும் சோற்றைத் தின்று எழுந்து வந்தேன். இந்த மாதிரி அனுபவம் இல்லாதவர் நம் சங்கத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமைகளில் சௌரங்கிப் பக்கம் போய் ஹாங்காங் படம் பார்ப்பேன். காரணம் எளியது. திரையில் வாயசைவு ஒன்று, ஒட்டிய ஆங்கிலக் குரல் வேறு. அது அரங்கில் பாதிப் பேருக்குப் புரியாது. புரியாவிட்டாலும் ஒன்றும் குறையாது. எனக்கு வலப்புறம் ஒரு வங்காளி, இடப்புறம் ஒரு பீகாரி, நடுவில் தஞ்சாவூர்க்காரன் நான். மூவரும் ஒரே இடத்தில் மூச்சைப் பிடித்தோம், ஒரே இடத்தில் கை தட்டினோம். அந்த ஊரில் நான் அந்நியனாக இல்லாத இரண்டு மணி நேரம் அது.

பாடம் 1: நாயகன் எங்கிருந்து வருகிறான்?

1980-இல் அப்படித்தான் 'தி பிக் பாஸ்' பார்த்தேன். (தொலைக்காட்சி நிகழ்ச்சியை நினைத்துக்கொள்ள வேண்டாம்.) 1971-இல் வந்த இந்தப் படம்தான் புரூஸ் லீயை ஹாங்காங்கில் பெரிய நட்சத்திரமாக்கியது. 'கோல்டன் ஹார்வெஸ்ட்' என்ற புதுக் கம்பெனி, ஷா சகோதரர்களின் பெரிய ஸ்டூடியோவோடு போட்டி போட்டுக்கொண்டு எடுத்த படம். தாய்லாந்திலேயே போய்ப் படமாக்கினார்கள்.

கதை என்ன? சீனத்துக் கிராமத்து இளைஞன் ஒருவன் பிழைப்புக்காகத் தாய்லாந்து போகிறான். அங்கே உறவுக்காரப் பையன்கள் ஒரே வீட்டில் கும்பலாகத் தங்கி ஐஸ் தொழிற்சாலையில் வேலை செய்கிறார்கள். இவனும் அங்கே சேர்கிறான். முதலாளி ஐஸ் பாளங்களுக்குள் போதைப்பொருள் கடத்துகிறான். அதைக் கண்டுகொண்ட தொழிலாளிகள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள்.

அடுத்த ஆண்டு, 1972-இல், புரூஸ் லீயே எழுதி இயக்கிய 'தி வே ஆஃப் தி டிராகன்' படத்தில் ஹாங்காங் நாட்டுப்புறத்தான் ஒருவன் ரோம் நகரத்துக்குப் போகிறான். அங்கே தெரிந்தவர்களின் சீன உணவகத்துக்கு ரௌடிகளால் தொல்லை. விமான நிலையத்தில் பசி எடுக்கிறது. உணவுப் பட்டியலைப் படிக்கத் தெரியாமல் விரலால் காட்டுகிறான். வரிசையாகச் சூப் வந்து நிற்கிறது. கௌரவத்தை விடாமல் எல்லாவற்றையும் குடித்து வைக்கிறான்! அந்தக் காட்சியில் அரங்கமே சிரித்தது. எனக்கு மட்டும் ஹௌரா மீன் குழம்பு நினைவுக்கு வந்தது.

திரைக்கு வெளியேயும் இதே கதைதான். புரூஸ் லீக்குப் பதின்ம வயதில் விங் சுன் என்ற போர்க்கலையைக் கற்பித்தவர் இப் மேன். 1893-இல் ஃபோஷான் நகரில் வசதியான வீட்டில் பிறந்தவர். சீனாவில் ஆட்சி மாறிய 1949-ஐ ஒட்டி ஹாங்காங் வந்து சேர்ந்தபோது நடுவயது கடந்துவிட்டது, கையில் காசில்லை. 1950-இல் அவர் கற்பிக்கத் தொடங்கிய இடம் உணவக ஊழியர்களின் தொழிற்சங்கம். தட்டு ஏந்திப் பிழைத்தவர்களுக்குத்தான் அவர் முதலில் அங்கே பாடம் சொன்னார். டோனி யென் நடித்து 2008-இல் தொடங்கிய 'இப் மேன்' படங்களைப் பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தச் செய்தியைச் சொல்லுங்கள்.

2003-இல் வந்த தாய்லாந்துப் படம் 'ஓங்-பாக்'கிலும் இதே அமைப்பு உண்டு. கிராமத்துப் புத்தர் சிலையின் தலையைத் திருடிப் பாங்காக்குக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். அதை மீட்க ஒரு கிராமத்துப் பையன் பட்டணம் போகிறான். ஆக, இந்தப் படங்களில் பல, வெளியூர் போனவனின் கதைகள். அவனுக்கு அங்கே மொழி இல்லை, செல்வாக்கு இல்லை, சொந்த நிலம் இல்லை. ஊரிலிருந்து எடுத்துக்கொண்டு போக முடிந்தது ஒன்றுதான்: குருவிடம் கற்றது.

பாடம் 2: கை எப்போது உயர்கிறது?

'தி பிக் பாஸ்' நாயகனின் கழுத்தில் ஒரு பச்சைக்கல் பதக்கம் தொங்கும். சண்டை போடுவதில்லை என்று தாய்க்கு அவன் கொடுத்த வாக்கின் அடையாளம் அது. கண்ணெதிரே அடிதடி நடக்கும்போதெல்லாம் அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு ஒதுங்கி நிற்பான். புரூஸ் லீயின் சண்டையைப் பார்க்கக் காசு கொடுத்து வந்தவர்களை இப்படி ஏறக்குறைய பாதிப் படம் காக்க வைக்கிறார்கள். தொழிற்சாலைக் கலவரத்தில் ஒருவன் அந்தப் பதக்கத்தை அறுத்து எறிந்த பிறகே அவன் கை உயர்கிறது. 'ஓங்-பாக்' பையனும் அப்படியே. மூய் தாய் கற்றுக்கொடுத்த துறவி, அதை யார்மீதும் பயன்படுத்தாதே என்று சொல்லித்தான் அவனை வளர்த்திருக்கிறார்.

1980-இல் படம் பார்த்துவிட்டு வெளியே வந்த எனக்கு நினைவில் நின்றது கடைசிச் சண்டை மட்டுமே. பதக்கம் நினைவில் இல்லை.

மறு ஆண்டு, 1981-இல், ஒரு செக்‌ஷனில் பயிற்சி மேற்பார்வையாளனாக இருந்தேன். எனக்கு 23 வயது. என் வயதொத்த கேங்மேன் ஒருவர் இருந்தார். நல்ல வேலைக்காரர், கேலிப் பேச்சுக்காரர். என் இந்தியை அப்படியே என்னைப் போலவே பேசிக்காட்டுவார். கேங் முழுவதும் சிரிக்கும். நான் 'சாவி' என்று சொன்னால் அவர் வாயில் அது வேறு ஏதோவாகிவிடும். பல நாள் பொறுத்தேன். ஒரு பிற்பகல், வெயிலில் வேலை நடந்துகொண்டிருந்தபோது, மறுபடியும் சிரிப்பொலி கேட்டது. திரும்பி, திறந்த உள்ளங்கையால் அவர் இடது காதின்மேல் ஓங்கி அறைந்தேன். கண நேர வேலை. அவர் திருப்பி அடிக்கவில்லை. காதைப் பொத்திக்கொண்டு ஜல்லிமேல் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு ஓராண்டு ஊதிய உயர்வு நின்றது. அவருக்குச் செவிப்பறை கிழிந்து, அந்தக் காது பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. தண்டவாளத்தில் வேலை செய்பவனுக்குக் காது எவ்வளவு முக்கியம் என்று ரயில்வே குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குனிந்து வேலை செய்யும்போது பின்னால் வரும் வண்டியைக் காதுதான் முதலில் அறியும். காது சரியில்லாதவரை லைனில் விட முடியாது என்று அவரை ஸ்டோரில் போட்டார்கள். கீமேன் ஆக வேண்டியவர், மேட் ஆக வேண்டியவர், போல்ட்டும் நட்டும் எண்ணிக்கொண்டு உட்கார்ந்தார். அதன்பின் ஒன்பது ஆண்டுகள் நாங்கள் ஒரே இடத்தில் வேலை பார்த்தோம். நான் பேச வாயெடுத்தால் முகத்தைத் திருப்பி வலது காதைக் காட்டுவார். அதில் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. கேட்பதற்காகத்தான் அப்படிச் செய்தார்.

இதன் பிறகே இந்தப் படங்களின் முடிவுகளைக் கவனிக்கத் தொடங்கினேன். 'தி பிக் பாஸ்' நாயகன் வில்லனைக் கொன்றுவிட்டு வெற்றி விழாவுக்குப் போவதில்லை. போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போகிறது. 1972-இல் வந்த 'ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி' நாயகன் குருவின் சாவுக்குப் பழி வாங்கிவிட்டு, நீட்டிய துப்பாக்கிகளை நோக்கிப் பாய்கிறான். அந்தப் பாய்ச்சலிலேயே படம் உறைந்து நிற்கிறது. குண்டுச் சத்தம் மட்டும் கேட்கிறது. 'தி வே ஆஃப் தி டிராகன்' படத்தில் ரோம் நகரத்துக் கொலோசியத்துக்குள் சக் நாரிஸ் நடித்த எதிரியைக் கொல்கிறான் நாயகன். பிறகு அவருடைய சட்டையையும் கறுப்புப் பட்டியையும் எடுத்து வந்து உடல்மேல் போர்த்தி, மண்டியிட்டு வணங்குகிறான். அடிக்கு ஒரு விலை உண்டு என்று இந்தப் படங்கள் கணக்கு எழுதித்தான் முடிக்கின்றன. கைதட்டல் சத்தத்தில் அந்தக் கணக்கு நம் காதில் விழுவதில்லை.

பாடம் 3: பயிற்சியைப் பாருங்கள்

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த படம் 1978-இல் வந்த 'தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவோலின்'. இயக்கியவர் லாவ் கார்-லியுங். நடித்தவர் கோர்டன் லியூ. குடும்பத்தையும் நண்பர்களையும் பறிகொடுத்த இளைஞன் ஒருவன் ஷாவோலின் மடத்தில் சேர்ந்து, 35 பயிற்சிக் கூடங்களையும் ஒவ்வொன்றாகக் கடக்கிறான். படத்தின் பெரும்பகுதி அந்தப் பயிற்சியே.

வந்ததும் மிக உயர்ந்த கூடத்துக்கே போகிறேன் என்கிறான். அங்கே முதிய துறவிகள் சூத்திரம் ஓதிக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றும் புரியாமல், அடியும் வாங்கி வெளியே வந்து விழுகிறான். பிறகு அடியிலிருந்து தொடங்குகிறார்கள். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போக வேண்டுமானால் நடுவே தண்ணீரில் மிதக்கும் கட்டைக்கட்டின்மேல் கால் வைத்துத் தாண்ட வேண்டும். தவறினால் தண்ணீருக்குள் விழ வேண்டியதுதான். இன்னொரு கூடத்தில் கைகளைப் பக்கவாட்டில் நீட்டித் தண்ணீர் வாளி சுமக்க வேண்டும்; கை தாழ்ந்தால் புயத்தில் கட்டிய கத்தி விலாவில் குத்தும். வேறொன்றில் நீளக் கழியின் நுனியில் கனத்தைக் கட்டி, மணிக்கட்டின் பலத்தாலேயே மணியை அடிக்க வேண்டும். ஆண்டுகள் ஓடுகின்றன. ஒரு குத்துகூட அதுவரை எவன்மேலும் விழவில்லை.

இந்தக் காட்சிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு பீட்டர் பேக்கிங் நினைவு வரும். இன்று பெரும்பாலும் இயந்திரம் செய்யும் வேலை. அந்நாளில் ஸ்லீப்பர் அடியில் ஜல்லியைக் கையால் அடித்து இறுக்குவார்கள். ஒரு ஸ்லீப்பருக்கு நான்கு பேர்; ஒவ்வொரு தண்டவாளத்தின் அடியிலும் இருவர் எதிரெதிராக நின்று தாளம் தவறாமல் அடிப்பார்கள். புதிதாக வந்தவன் தோள் பலத்தால் அடித்து அரை மணியில் களைத்துப்போவான். பழையவர் கருவியைத் தூக்குவார், அதன் எடையே விழட்டும் என்று விட்டுவிடுவார். இடுப்பு மட்டும் லேசாகத் திரும்பும். எங்கள் மேட், பீகார் பெரியவர், எல்லோருக்கும் 'சாச்சா', என்னிடம் ஒரு பீட்டரைக் கொடுத்து, "பாபு, ரெண்டு மாசம் இதை அடி. அப்புறம் மத்தவனை மேய்க்கலாம்" என்றார். டிப்ளமோ படித்தவனிடம் இப்படிச் சொல்கிறாரே என்று மனம் புழுங்கியது. இப்போது நினைத்தால், அவர் எனக்குத் திறந்துவிட்டது முதல் கூடம். நான் வாலிப முறுக்கில் கடைசிக் கூடத்துக்கே போகப் பார்த்தேன்.

அந்தப் படத்துக்கு இன்னொரு சிறப்பு உண்டு. இயக்குநர் லாவ் கார்-லியுங் அந்தக் கலையின் நேர் வாரிசு. 1847 முதல் 1925 வரை வாழ்ந்ததாகச் சொல்லப்படும் புகழ்பெற்ற வைத்தியரும் வீரருமான வோங் ஃபெய்-ஹுங்கின் மாணவர் லாம் சாய்-விங். அவர் மாணவர் லாவ் சாம். அவருடைய மகன்தான் இந்த இயக்குநர். சங்கீதத்தில் நாம் குரு பரம்பரை சொல்வது போலச் சொல்லலாம். படத்தின் முடிவில், தேறிய நாயகனை எந்தக் கூடத்துக்குத் தலைவனாகிறாய் என்று கேட்கும்போது, மடத்துக்கு வெளியே உள்ள சாதாரண ஜனங்களுக்குக் கற்பிக்க 36-ஆவது கூடம் வேண்டும் என்கிறான். கற்றதன் முடிவு கற்பிப்பதில் இருக்கிறது.

அதே 1978-இல் வந்த 'ட்ரங்கன் மாஸ்டர்' இதையே சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறது. அதில் இளம் வோங் ஃபெய்-ஹுங்காக வந்து கிழட்டு குருவிடம் படாத பாடு படுகிறவர் ஜாக்கி சான். அவருக்கு அது நடிப்பு மட்டும் அன்று. ஏழு வயது வாக்கில் பெற்றோர் அவரை ஹாங்காங்கில் ஒரு சீன இசைநாடகப் பள்ளியில் விட்டார்கள். பத்து ஆண்டுகள் அங்கேயே தங்கி, பாட்டு, வசனம், நடிப்பு, சண்டை நான்கையும் பிரம்படியோடு கற்றார். ஹாங்காங் சண்டைப் படங்களின் தாய்வீடு இந்த இசைநாடக மேடை. புரூஸ் லீயின் தந்தையும் கான்டனீஸ் இசைநாடக நடிகர்தான்.

பாடம் 4: முழு உடம்பும் தெரிகிறதா?

நான்காவது பாடம் தொழில்நுட்பம். நல்ல சண்டைக் காட்சியா என்று எப்படி அறிவது? நான் மேஸ்திரிக் கண்ணால் பார்க்கிறேன். தலை முதல் கால் வரை இருவரும் ஒரே சட்டத்துக்குள் தெரிகிறார்களா? ஒரே வீச்சில் எத்தனை அசைவுகள் வருகின்றன? அடிக்கிறவனின் கால் தரையில் ஊன்றியிருக்கிறதா? முகத்தை ஒரு துண்டு, முஷ்டியை ஒரு துண்டு, விழுகிறவனை ஒரு துண்டு என்று வெட்டி ஒட்டினால், சண்டை தெரியாதவனையும் சூரனாக்கிவிடலாம். கோர்டன் லியூவையோ ஜாக்கி சானையோ காட்டும்போது காமிரா தள்ளி நின்று சும்மா பார்க்கிறது. மறைக்க எதுவும் இல்லாதபோதுதான் அப்படி நிற்க முடியும்.

ஜாக்கி சான் 1983-இல் 'ப்ராஜெக்ட் ஏ' படத்துக்காகக் கடிகாரக் கோபுரத்திலிருந்து துணிக் கூரைகளைக் கிழித்துக்கொண்டு விழுந்தார். 1985-இல் 'போலீஸ் ஸ்டோரி' படத்தில் பல மாடிக் கடையின் நடுவே விளக்குச் சரங்கள் சுற்றிய கம்பத்தில் சறுக்கி இறங்கி இரு கைகளையும் சுட்டுக்கொண்டார். 1986-இல் வந்த 'ஆர்மர் ஆஃப் காட்' படப்பிடிப்பில் மரத்திலிருந்து விழுந்து மண்டை ஓடு உடைந்தது. அவர் பல படங்களின் முடிவில், எழுத்துகள் ஓடும்போது, தவறிப்போன காட்சிகளையும் பட்ட காயங்களையும் காட்டுவார். பிள்ளைகள் எழுந்து போகாமல் அதைப் பார்க்க வேண்டும். அடித்தால் வலிக்கும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

இதற்கு எதிரான மரபும் ஒன்று உண்டு. அதில் மனிதர்கள் காற்றில் மிதப்பார்கள். அதைக் கலையாக்கியவர் கிங் ஹூ. 1966-இல் வந்த அவருடைய 'கம் டிரிங்க் வித் மீ' படத்தின் வீராங்கனை செங் பெய்-பெய். அவர் பாலே நடனம் பயின்றவர். சண்டையில் அந்த நடன ஒழுங்கு தெரியும். கிங் ஹூவின் 'எ டச் ஆஃப் ஜென்' படத்துக்கு 1975-இல் கான் விழாவில் தொழில்நுட்பப் பரிசு கிடைத்தது. அதில் மூங்கில் காட்டில் நடக்கும் சண்டையைப் பார்த்தவர்கள், 2000-இல் ஆங் லீ எடுத்த 'க்ரவுச்சிங் டைகர், ஹிடன் டிராகன்' படத்தின் மூங்கில் காட்டை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். நான்கு ஆஸ்கார் பரிசுகள் பெற்ற அந்தப் படத்தில் வயதான வில்லியாக வருபவரும் அதே செங் பெய்-பெய்தான். 2024-இல் அவர் மறைந்தார். நம் வீட்டுப் பெண் குழந்தைகளுக்கு இந்த இரண்டு படங்களையும் காட்டலாம்.

போதிதர்மர் நம்மவரா?

இந்தக் கட்டுரையை நம் சங்கப் பத்திரிகையில் எழுதிவிட்டு இதைப் பற்றிச் சொல்லாமல் தப்ப முடியாது. 2011-இல் '7ஆம் அறிவு' வந்தபின் எல்லோரும் கேட்கிறார்கள்: ஷாவோலினுக்குச் சண்டை கற்றுக்கொடுத்தவர் காஞ்சிபுரத்துப் போதிதர்மர்தானே?

பழைய சீனக் குறிப்பு ஒன்று அவரைத் தென்னிந்திய அரசர் ஒருவரின் மகன் என்கிறது. 547-ஆம் ஆண்டை ஒட்டி எழுதப்பட்ட இன்னொன்று பாரசீகத்திலிருந்து வந்த துறவி என்கிறது. காஞ்சிபுரம் என்ற பெயர் இரண்டிலும் இல்லை. அது பிற்கால மரபு. ஷாவோலின் மடம் 495-ஆம் ஆண்டு ஓர் இந்தியத் துறவிக்காகக் கட்டப்பட்டது என்பது உண்மை. ஆனால் அவர் பெயர் சீனர் வழக்கில் பாத்துவோ, போதிதர்மர் வேறு. 621-இல் அந்த மடத்துத் துறவிகள் டாங் வம்சத்துக்கு ஆதரவாகப் போரிட்டதற்குக் கல்வெட்டுச் சான்று இருக்கிறது. போதிதர்மரையும் உடற்பயிற்சியையும் இணைக்கும் நூல் 17-ஆம் நூற்றாண்டில்தான் தோன்றியது. அவர் காலத்துக்கும் அதற்கும் இடையே ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி. தியான மரபின் முதல் குருவாக அவரைச் சீனரும் ஜப்பானியரும் வணங்குகிறார்கள். நமக்கு அந்தப் பெருமையே போதாதா? சண்டை கற்பித்தார் என்று நாம் சேர்த்துச் சொல்லத் தேவையில்லை என்பது என் கருத்து.

பேரனோடு பார்த்தது

இனி, இந்தக் கட்டுரைக்கு உண்மையான காரணம். என் பேரன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். கராத்தே வகுப்புக்கும் போகிறான். சில மாதங்களுக்கு முன் பள்ளியில் ஒரு பையன் இவன் தமிழ்ப் பெயரைத் திரித்துத் திரித்துக் கூப்பிட்டிருக்கிறான். இவன் விட்ட குத்தில் அந்தப் பையனுக்கு மூக்கில் இரத்தம். பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. மகன் என்னிடம் வந்து, "அப்பா, நீங்க பேசுங்க. நான் பேசினா கத்திடுவேன்" என்றான்.

நான் அறிவுரை சொல்லவில்லை. அன்று இரவு 'தி பிக் பாஸ்' போட்டேன். சிறுவர் பார்க்கத் தகாத காட்சிகள் சில அதில் உண்டு; அவற்றை நகர்த்திவிட்டேன். பதக்கம் வரும்போதெல்லாம் நிறுத்திக் காட்டினேன். படம் முடிந்ததும் 1981-இல் நடந்ததைச் சொன்னேன். என் மனைவியைத் தவிர யாருக்கும் அதுவரை சொன்னதில்லை. மகனும் அப்போதுதான் முதன்முறையாகக் கேட்டான்.

பேரன் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தாத்தா, நீங்க அவர்கிட்ட சாரி சொன்னீங்களா?" என்று கேட்டான்.

சொல்லவில்லை. 1990-இல் எனக்கு மாற்றல் வந்தபோது சொல்ல நினைத்தேன். மாலை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள், அவரும் வந்து கை குலுக்கினார். வாய் வரை வந்தது, சொல்லவில்லை. அதன்பின் அவரைப் பார்க்க வாய்க்கவில்லை. இதைப் பேரனிடம் அப்படியே சொன்னேன். மறுநாள் அவன் அந்தப் பையனிடம் பேசினானா என்று நான் விசாரிக்கவில்லை. கராத்தே வகுப்புக்கு மட்டும் விடாமல் போகிறான். போன வாரம் "தாத்தா, இந்த மாசம் முழுக்க நிற்கிற நிலை மட்டும்தான் சொல்லித் தர்றாங்க, போரடிக்குது" என்றான். சாச்சாவின் பீட்டர் கதையைச் சொன்னேன்.

வீட்டில் பிள்ளைகளோடு இத்தகைய படம் பார்க்கும் அன்பர்கள், முடிந்ததும் கீழ்க்கண்ட கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்:

1. நாயகன் எந்த ஊர்? எங்கே, எதற்காகப் போகிறான்?
2. அவன் கை முதன்முதலில் உயர்வது எப்போது? அதற்கு முன் எத்தனை முறை அடக்கிக்கொண்டான்?
3. அவனுக்குக் கற்பித்தவர் யார்? அதற்கு எவ்வளவு காலம் ஆயிற்று?
4. சண்டை முடிந்தபின் யாருக்கு என்ன போயிற்று?

'தி ரெய்ட்' (2011) போன்ற இந்தோனேசியப் படங்களைப் பெரியவர்கள் மட்டும் பார்க்கலாம். திறமை மிகுதி, இரத்தமும் மிகுதி. சிறுவர்களுக்கு 'ட்ரங்கன் மாஸ்டர்' நல்ல தொடக்கம். குடிபோதைச் சண்டையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போடுங்கள்.

காப்பி வேளையில் கேட்ட நண்பருக்கு: ஆம் சார், இன்னும் பார்க்கிறேன். அடுத்த ஞாயிறு '36த் சேம்பர்' போடுவதாக உத்தேசம். குடும்பத்தோடு வாருங்கள், காப்பி எங்கள் வீட்டில்.